ஒப்புதலும் தீர்ப்பும்: சார்ல்ஸ் கென்னடியின் 2006ஆம் ஆண்டு அறிக்கையும் அதற்கு எழுந்த எதிர்வினைகளும்

2006ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் மாலை, பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் சார்ல்ஸ் கென்னடி செய்தியாளர்களை அவசரமாக அழைத்து ஓர் அறிக்கையை வாசித்தார். கடந்த 18 மாதங்களாகத் தமக்கொரு குடிப்பழக்கச் சிக்கல் இருந்து வந்துள்ளதாகவும், அதற்கெனத் தொழில்முறை உதவியை நாடியதாகவும், இரண்டு மாதங்களாக மதுவைத் தொடவில்லை என்றும், இனித் தொடப்போவதில்லை என்றும் அதில் கூறினார். அடுத்த இரண்டாம் நாள் அவர் பதவி விலகினார். அரசியல் வரலாற்று நூல்கள் இந்நிகழ்வை ஒரு கட்சியின் தலைமை மாற்றமாகச் சில வரிகளில் கடந்து செல்லக்கூடும். நாம் ஈண்டு அதனை வேறொரு நோக்கில் அணுக முற்படுகிறோம். ஒப்புதல் உரை என்பது தனக்கென ஓர் அமைப்பும், தான் வேண்டி நிற்கும் ஒரு கேட்போர் கூட்டமும் உடைய பனுவல் வகை. அதற்கு எழும் மறுமொழிகளையும் அதன் பகுதியாகவே கொண்டு படித்தால்தான் பொருள் முழுமை பெறும்.

அறிக்கை மிகச் சிறியது. ஆயினும் அதனுள் மூன்று குரல்கள் ஒலிக்கின்றன. தவற்றை ஏற்றுக்கொள்ளும் மனிதரின் குரல் ஒன்று. நோய் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என உறுதிகூறும் நோயாளியின் குரல் மற்றொன்று. தலைமைப் பதவிக்குத் தேர்தலை அறிவித்து அதில் தாமே போட்டியிடப்போவதாகச் சொல்லும் அரசியல்வாதியின் குரல் மூன்றாவது. முதற்குரல் கேட்போரிடம் இரக்கத்தையும், இரண்டாவது நம்பிக்கையையும், மூன்றாவது வாக்கையும் வேண்டுகிறது. இம்மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டதே அவ்வுரையின் வலுவின்மை எனக் கருதுகிறோம். இரண்டு மாதக் கட்டுப்பாட்டைக் கொண்டு சிக்கல் தீர்ந்தது எனக் கூறியதை, குடிநோயைச் சிறிதேனும் அறிந்தவர்கள் ஐயத்தோடுதான் கேட்டிருப்பர்.

அவ்வுரை முற்றிலும் தாமாக முன்வந்து கூறியதும் அன்று. ஐடிஎன் செய்தி நிறுவனம் அன்று இச்செய்தியை வெளியிட இருந்தது. செய்தியைத் திரட்டியவர் முன்னாளில் கென்னடியிடமே ஊடகச் செயலாளராகப் பணியாற்றியவர். ஆகவே இது செய்தியைச் சில மணிநேரம் முந்திக்கொண்ட ஒப்புதல். பிடிபட்ட பின் கூறுவது ஒப்புதலாகுமா எனச் சிலர் வினவினர். வினா கூர்மையானதுதான். ஆனால் பொதுவாழ்வில் இருப்போர் நெருக்குதல் ஏதுமின்றித் தம் குறையைத் தாமே வெளியிட்ட நிகழ்வுகளை எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். இவ்வளவுகோலை எல்லார்க்கும் பொருத்தினால் ஒப்புதல் என்னும் வகையே இல்லாதொழியும்.

இனி, நான்காண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 2002ஆம் ஆண்டு ஜூலையில் பிபிசி தொலைக்காட்சியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சியில் ஜெரமி பாக்ஸ்மன் கென்னடியை நேர்கண்டார். நேர்காணலுக்கு முன் தாம் பேசிய அரசியல்வாதிகள் எல்லாரும் கென்னடி நிதானத்தில் இருப்பார் என நம்புவதாகக் கூறியதைக் குறிப்பிட்டு, அவர் எவ்வளவு குடிக்கிறார், தனிமையில் இரவு நேரங்களில் விஸ்கி அருந்துவதுண்டா என்றெல்லாம் கேட்டார். கென்னடி மறுத்தார். அன்று பார்வையாளர்களின் சினம் யார்மீது பாய்ந்தது என்பதே நோக்கத்தக்கது. அது கேட்டவர் மீதுதான் பாய்ந்தது. முறையீடுகள் குவிந்தன, பாக்ஸ்மன் வருத்தம் தெரிவித்தார். 2002இல் வினவியது பண்பற்ற செயல். 2006இல் அவ்வினாவிற்கு மெய்யான விடை தராதிருந்தது பண்பற்ற செயல். இடையில் குடி மாறவில்லை. அதைப் பற்றிப் பேசுவதற்கான இசைவு மட்டுமே மாறியது. அன்று வினாவைக் கண்டித்தவர்களுள் எத்தனை பேர் பின்னர் விடையைக் கண்டித்தனரோ, நாம் அறியோம்.

இவ்விசைவின் வரலாறு நெடியது. நாடாளுமன்ற மரபின்படி, அவையில் ஓர் உறுப்பினர் மற்றோர் உறுப்பினரைக் குடிபோதையில் உள்ளார் எனக் கூறுதல் கூடாது. 1983ஆம் ஆண்டு ஜூலையில் இளநிலை அமைச்சர் ஆலன் கிளார்க் அவையில் தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தபோது, புதிய உறுப்பினரான கிளேர் ஷார்ட் அம்மரபைச் சுற்றி வளைத்து அதனையே உணர்த்தினார். அவை கடிந்துகொண்டது அவரைத்தான். அன்று மாலை மதுச் சுவைப்பு நிகழ்வொன்றிலிருந்து வந்ததைக் கிளார்க் பின்னர்த் தம் நாட்குறிப்பில் எழுதி, 1993இல் நூலாகவும் வெளியிட்டார். வாசகர்கள் அதைச் சிரித்துச் சுவைத்தனர். கென்னடி 23 வயதில் அவையின் மிக இளைய உறுப்பினராக நுழைந்ததும் அதே 1983இல்தான். 1960களில் வெளியுறவு அமைச்சராயிருந்த ஜார்ஜ் பிரவுனின் குடியைக் குறிக்க 'பிரைவேட் ஐ' அங்கத இதழ் பரப்பிய, 'களைத்தும் உணர்ச்சிவயப்பட்டும் இருந்தார்' என்னும் பொருளுடைய தொடர், ஆங்கிலத்தில் இடக்கரடக்கலாகவே நிலைபெற்றுவிட்டது. சர்ச்சிலின் மதுவோ பெருமைக்குரிய கதையாயிற்று. ஆக, அம்மொழியில் குடியைச் சுட்ட நகைச்சுவை இருந்தது, இடக்கரடக்கல் இருந்தது, வீரக்கதையும் இருந்தது. பதவியை இழக்காமல் ஒருவர் தம்மைப் பற்றியே கூறிக்கொள்ளத்தக்க நேர்ச்சொல்தான் இல்லை.

2006இல் மிகுதியும் கேட்ட வாதம், குடித்ததன்று, மறைத்ததே குற்றம் என்பது. சில வாரங்களுக்கு முன்னர், 2005 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலிலும் கென்னடி மறுத்திருந்தமையால் இவ்வாதம் வலுப்பெற்றது. இதனை எளிதாக ஒதுக்குவது நேர்மையாகாது. 2004 மார்ச்சில் வரவுசெலவுத் திட்ட நாளன்று கட்சித் தலைவர் அவைக்கு வரவில்லை. வயிற்றுக்கோளாறு எனக் காரணம் சொல்லப்பட்டது. அதே மாதம் கட்சி மாநாட்டு மேடையில் அவர் வியர்த்து வழிந்தபடி உரையாற்றியதை நாடே பார்த்தது. இத்தகைய வேளைகளிலெல்லாம் அவருக்காக விளக்கம் கூறியவர்கள் உடன் பணியாற்றியவர்களே. அவருடைய 62 நாடாளுமன்ற உறுப்பினர்களுள் 25 பேர், அவர் தலைமையின்கீழ்ப் பொறுப்பேற்க மாட்டோம் எனக் கையொப்பமிட்டதைத் துரோகம் என ஒரே சொல்லில் முடித்துவிட நாம் விரும்பவில்லை. நெடுங்காலம் பிறருக்காகப் பொய்யுரைத்துக் களைத்தவர்களின் கையொப்பங்களும் அவற்றுள் இருந்திருக்கும்.

ஆயினும் 'மறைத்ததே குற்றம்' என்னும் வாதத்தில் ஒரு வசதி உள்ளது. அது சொல்பவரைக் குடிநோயாளியை வெறுப்பவர் என்னும் பழியினின்று காக்கிறது. அதே வேளையில் அவரை அகற்றவும் இடந்தருகிறது. மறைத்தல் குடிநோயினின்று பிரித்தெடுக்கக்கூடிய தனிக்குற்றமன்று என்பதை மருத்துவர் மட்டுமல்லர், குடிப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த எவரும் அறிவர். குடியை மன்னிப்போம், மறைப்பை மன்னியோம் என்பது, காய்ச்சலை மன்னிப்போம், நடுக்கத்தை மன்னியோம் என்பதனோடு ஒக்கும்.

இரக்கத்தோடு எழுந்த குரல்களையும் ஆராயாமல் விடுதல் முறையன்று. தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சிகளில் இயல்பாகச் சிரித்துப் பேசியதால் கென்னடிக்கு 'அரட்டைச் சார்லி' என்னும் பொருள்படும் பட்டப்பெயர் வழங்கிற்று. மற்ற அரசியல்வாதிகளைப் போலன்றி, உடன் அமர்ந்து ஒரு கோப்பை அருந்தத்தக்க மனிதர் என்பதே அவர்மீது மக்கள் கொண்ட அன்பின் உள்ளீடாக இருந்தது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டவர் என்பதும் அப்படிமத்திற்குத் துணைபுரிந்தது. 2003இல் ஈராக் போரை எதிர்த்து நின்றதும், 2005 பொதுத்தேர்தலில் 1923க்குப் பின் அம்மரபுக் கட்சி கண்டிராத அளவில் 62 இடங்களை வென்றதும் அவருடைய அரசியற் சாதனைகள். எனினும் இரக்கக் குரல்களில் பல அவற்றைக் காட்டிலும் அந்தக் கோப்பையையே நினைவுகூர்ந்தன. எந்தப் பண்புக்காக அவரை விரும்பினார்களோ, அதுவே அவரை அழித்துக்கொண்டிருந்தது. இம்முரணை உணர்ந்த எதிர்வினைகள் மிகச் சிலவே.

இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் திருக்குறளை நினைப்பது இயல்பு. கள்ளுண்ணாமை அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையில், 93ஆம் அதிகாரமாக நிற்கிறது. தனிமனிதப் பாவம் என்பதைவிட, பொதுவாழ்வில் மதிப்பிழத்தல், பகைவர் அஞ்சாமை, சான்றோர் எண்ணாமை என்னும் நோக்கிலேயே அவ்வதிகாரம் தொடங்குகிறது. அந்த 25 பேரின் நிலைப்பாடு இத்தொடக்கத்தோடு பொருந்தும். ஆனால் அதிகாரத்தின் இறுதிக்குறள், தான் கள்ளுண்ணாத வேளையில் உண்டவனைக் காணும் குடியன் தன் நிலையை எண்ணிப் பாரானோ என வினவி நிற்கிறது. கட்டடத்திற்குள்ளேயே மதுக்கூடங்கள் பல அமைந்த நாடாளுமன்றத்தை நோக்கி அவ்வினாவை எழுப்பிய எதிர்வினை எதனையும் நாம் காணவில்லை. 'மருந்து' இரண்டு அதிகாரம் தள்ளியே வருகிறது என்பதும், அங்குக் குடி பேசப்படவில்லை என்பதும் உண்மையே. வள்ளுவரிடம் இக்கால மருத்துவத்தைத் தேடுவது முறையாகாது.

நம் மொழியின் நிலையும் ஆங்கிலத்தினின்று வெகுதொலைவில் இல்லை. குடிகாரன் என்னும் சொல்லில் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுள்ளது. 'குடிமகன்' என்னும் சிலேடைக்கு வகுப்பறையில் இன்றும் சிரிப்பு எழாமலில்லை. குடிநோயாளி என்னும் சொல் மருத்துவ எழுத்தின் வழி வந்தது. பேச்சில் இன்னும் வேரூன்றவில்லை. கென்னடியின் அறிக்கையைத் தமிழாக்க முனைந்தபோது இவ்விடர்ப்பாட்டை நேரில் உணர்ந்தோம். அவர் பயன்படுத்தியது நோய் என்றும் சொல்லாத, குற்றம் என்றும் சொல்லாத இடைநிலைத் தொடர். 'குடிப்பழக்கம்' என்றால் அது இலேசாகிறது. 'குடிவெறி' என்றால் தூற்றலாகிறது. 'குடிப்பழக்கச் சிக்கல்' என நாம் மேலே எழுதியது நிறைவு தரும் பெயர்ப்பன்று.

கட்சி மார்ச் 2006இல் மிங்கிஸ் கேம்ப்பெல்லைத் தலைவராக்கிக்கொண்டு நகர்ந்தது. செய்தித்தாள்களிலும் கட்சிக் கூட்டங்களிலும் பேசாதவர்களின் எதிர்வினை பின்னரே வெளிப்பட்டது. 2008இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் அதன் முன்னாள் மாணவரான கென்னடியைத் தங்கள் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர்; 2014 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். 2010 பொதுத்தேர்தலில் அவருடைய தொகுதி மக்கள், அனைத்தையும் அறிந்த பின்னரும், பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளை அவருக்கே அளித்தனர். 2015 மே மாதம், ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56ஐ ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி வென்ற அலையில்தான் அவர் தோற்றார்.

அடுத்த மாதம் முதல் நாள், தம் 55ஆம் வயதில், வீட்டில் இறந்து கிடந்தார். நாடாளுமன்றம் இரு நாட்கள் கழித்துக் கூடி அவரைப் புகழ்ந்தது. டோனி பிளேரின் ஊடகப் பொறுப்பாளராக ஈராக் போரில் எதிரணியில் நின்றவரும், தாமே குடியினின்று மீண்டவருமான அலஸ்டர் கேம்ப்பெல், நண்பராக நின்று அந்நோயைப் பெயர் சொல்லி எழுதினார். அவ்வாரத்தில் எழுதப்பட்டவற்றுள் அதுவே பொருட்படுத்தத்தக்கது என்பது எம் கருத்து. பிணப் பரிசோதனையில் பெருங்குருதிப்போக்கே இறப்பிற்குக் காரணம் எனத் தெரிந்தபோது, குடும்பத்தினர் ஜூன் 5ஆம் நாள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதில், 2006இல் அவர் கையாண்ட இடைநிலைத் தொடர் இடம்பெறவில்லை. குடிநோயோடு அவர் நடத்திய போராட்டத்தின் விளைவு எனக் கூறி, அவரும் பிறரும் எவ்வளவோ முயன்றும் வெல்லவியலாத ஒரு நோய் என்று எழுதியிருந்தனர்.