ரத்தம் வெட்டுப்படும், கைதட்டல்?

கதாநாயகன் ஒரு கையில் சுருட்டும் மறு கையில் அரிவாளுமாக நடந்து வருகிறான். புகை பிடிப்பது உடல்நலத்துக்குக் கேடு என்ற வரி திரையின் மூலையில் தவறாமல் முளைக்கிறது. 2012 அக்டோபர் முதல் அது கட்டாயம். அரிவாளுக்கு அப்படி வரி எதுவும் இல்லை. வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை, போட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் நம் தணிக்கை எதைப் பார்க்கிறது என்பது அந்த மூலையிலேயே தெரிந்துவிடுகிறது. வன்முறையைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாது என்று 1991ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நடைமுறையில் கத்தரி போவது ரத்தத்தின் மீதும் கெட்ட வார்த்தையின் மீதும்தான். அந்த அரிவாள் வெட்டு படத்துக்குள் யாருக்கு என்ன பெற்றுத் தருகிறது என்பது கணக்கில் வருவதே அபூர்வம்.

கணக்கில் வர வேண்டியதே அதுதான். 1961இல் ஆல்பர்ட் பண்டூரா வெளியிட்ட சோதனை எல்லோருக்கும் தெரியும்: பெரியவர் ஒருவர் காற்றடைத்த ‘போபோ’ பொம்மையை அடித்து உதைத்தார், பார்த்திருந்த குழந்தைகளும் அப்படியே செய்தார்கள். 1965இல் அவர் வெளியிட்டதுதான் இன்னும் கூர்மையானது. அடித்தவர் பாராட்டும் தின்பண்டமும் பெறுவதாக ஒரு படம், திட்டு வாங்குவதாக ஒன்று, ஒன்றுமே நடக்காததாக இன்னொன்று. திட்டு வாங்கியதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். பிறகு, பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு என்றதும் மூன்று குழுக்களுக்கும் இடையில் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கற்றுக்கொண்டது எல்லோரும்தான், செய்யலாமா என்பதை முடிவுசெய்தது அடிக்குப் பின் வந்த காட்சி. அடி வாங்கவே செய்த பொம்மையை வைத்து மனிதரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான்.

அதைவிட வலுவான மறுப்பு பொருளியலிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 1995 முதல் 2004 வரையிலான தரவுகளை ஆராய்ந்த கோர்டன் டால், ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா இருவரும், வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் சேர்ந்த நாட்களில் அடிதடிக் குற்றங்கள் குறைந்ததைக் கண்டார்கள். வம்பிழுக்கும் வயதினர் அந்த நேரத்தில் மதுக்கடையில் இல்லாமல் தியேட்டரில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் ‘சினிமா பார்த்துக் கெட்டான்’ என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஆனால் அந்த ஆய்வு அளந்தது அன்றைய இரவையும் அதையொட்டிய நாட்களையும். எது சகஜம் என்ற எண்ணம் மெல்ல ஊறுவது அந்த அளவுகோலில் சிக்காது. அப்படி ஊறுகிறது என்பதற்குச் சான்று, வேடிக்கையாக, நல்ல பக்கத்திலிருந்து கிடைக்கிறது. தமிழ்நாடு, பீகார், ஹரியானா உள்ளிட்ட மாநிலங்களின் கிராமங்களை ராபர்ட் ஜென்சனும் எமிலி ஓஸ்டரும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். கேபிள் டிவி வந்த ஊர்களில், கணவன் அடிப்பது தகும் என்று சொன்ன பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பமும் தணிந்தது. கேட்க வந்தவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லியிருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. ஆனாலும் சீரியலிலிருந்து நல்லது ஒட்டும், சினிமாவிலிருந்து கெட்டது ஒட்டவே ஒட்டாது என்று ஒரே வாயால் சொல்ல முடியாது.

தமிழில் இப்படி ஊறுவதைப் பார்க்கப் பொருத்தமான இடம் ரவுடிப் படமல்ல, போலீஸ் படம். விசாரணை இல்லை, நீதிமன்றம் இல்லை. லத்தி இறங்குகிறது, பின்னணி இசை ஏறுகிறது, தியேட்டரில் விசில். பண்டூராவின் தின்பண்டம் இதுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையின் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, ‘சாமி’யையும் ‘சிங்க’த்தையும் எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக அறிக்கை விட்டார். படங்கள்தான் அந்த அடியை அடித்தன என்று யாரும் சொல்ல முடியாது. லாக்கப் அடி தமிழ் சினிமாவுக்கு முன்பே இருந்தது. படங்கள் செய்தது, அந்த அடியைக் கேட்டும் ஊர் அதிராமல் இருக்கப் பழக்கியது. வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் இதே லாக்கப், இதே லத்தி, அடி இன்னும் கொடூரம். ஆனால் அங்கே விசிலடிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. ரத்தத்தை மட்டும் அளந்தால் ‘சிங்க’த்தைவிட ஆபத்தான படம் ‘விசாரணை’ என்றுதான் கணக்கு வரும்.

வயதுவாரிச் சான்றிதழைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2023இன் சட்டத் திருத்தம் யுஏ பிரிவை 7, 13, 16 வயது என்று பிரித்தது உருப்படியான வேலை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ரத்தமே பயம், அங்கே ரத்தத்தை அளப்பது சரி. அப்படியானால் பெரியவர்களுக்கான படத்தில் தணிக்கை வாரியமே செய்தியையும் எடைபோடட்டும் என்று ஒரு யோசனை வரும். நெறிகளில் ஏற்கெனவே இடமும் இருக்கிறது. ஆனால் அரசு நியமிக்கும் குழுவிடம் அந்தத் தராசை முழுசாகக் கொடுத்தால் முதலில் மாட்டுவது எது? காவல்துறையை இழிவுபடுத்துகிறது என்று ‘விசாரணை’க்குத்தான் நோட்டீஸ் போகும். ‘சிங்கம்’ குடும்பத்தோடு பார்க்கலாம் என்ற சான்றிதழுடன் ஓடிக்கொண்டிருக்கும்.