மெக்கானிக்குக்கு ஒரு பிளக் பாயின்ட்

போன ஏப்ரலில் அம்பத்தூரில் எங்கள் அபார்ட்மென்டுக்கு ஏ.சி. சர்வீஸ் செய்ய வந்த பையன், மொட்டை மாடிக்கு ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "சார், இங்க கரண்ட் எங்க எடுக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. மாடியில் எட்டு அவுட்டோர் யூனிட் வரிசையாக நிற்கின்றன. பிளக் பாயின்ட் ஒன்றுகூடக் கிடையாது. கடைசியில் மூன்றாவது மாடி வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேலே போனது. வயரின் நடுவில் ஒரு ஜாயின்ட், அதன்மேல் பாதி உரிந்த டேப். பிளக்கில் இரண்டே பின், அதாவது எர்த் இல்லை. அந்த பாக்ஸிலிருந்து ஓடிய பிரஷர் வாஷர் சுற்றிலும் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போவதால்தான் இதை நாம் ஒரு குறையாகவே பார்ப்பதில்லை.

ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிதாக எழும்பும் கட்டடங்களைப் பாருங்கள். பெட்ரூம்தோறும் ஏ.சி. பாயின்ட், கீசர் பாயின்ட், வாஷிங் மெஷின் பாயின்ட் எல்லாம் உண்டு. அவுட்டோர் யூனிட் உட்கார வெளிச்சுவரில் ஸ்லாப்கூடப் போட்டுவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு இடம் யோசித்தாயிற்று. அதைப் பழுது பார்க்க வருகிற மனிதனுக்குத்தான் யாரும் எதையும் யோசிக்கவில்லை. என் விமர்சனம் மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான்.

இதை யோசித்து விதியாகவே எழுதி வைத்த நாடு அமெரிக்கா. அங்குள்ள நேஷனல் எலெக்ட்ரிகல் கோடில் 210.63 என்றொரு பிரிவு இருக்கிறது. (இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதே பெயரில் ஒரு நூல் வெளியிடுகிறது, அது வேறு.) ஏ.சி., ஹீட்டிங் கருவி இருக்கும் இடத்திலிருந்து 25 அடிக்குள், அதே தளத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சாக்கெட் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த சாக்கெட்டுக்கான கரண்டை, கருவியை அணைக்கும் ஐசொலேட்டர் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. பாயின்ட் இல்லாத இடத்தில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அவுட்டோர் யூனிட்டின் டெர்மினலிலிருந்தே இரண்டு வயரை இழுத்து பம்பையோ டிரில்லையோ ஓட்டுகிறார்கள். ஏ.சி.யை அணைத்தால் பம்பும் நின்றுபோகும். அதனால் அணைப்பதில்லை. யூனிட்டில் கரண்ட் இருக்கும்போதே அதற்குள் கை போகிறது. தெரியாத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வேறு வழி இல்லாத இடத்தில் வேலையை முடிக்க அவர் கண்டுபிடித்த வழி இது. அந்த வழிக்கு அவசியமே இல்லாமல் செய்கிறது அந்த விதி.

இன்னொரு பழக்கமும் இதோடு ஒட்டியது. ஏ.சி. பொருத்தும்போதும், கேஸ் லீக்கை அடைத்த பிறகும், குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்கம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்புக்குக் கரண்ட் வேண்டும், நேரமும் வேண்டும். கிடைக்காவிட்டால் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதாலேயே காற்றைத் தள்ளி முடித்துவிடுகிறார்கள். தங்கிப்போன ஈரம் கம்ப்ரஸரின் ஆயுளைக் குறைக்கும். இப்போது நிறைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய வாயு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, பாயின்ட் இல்லாததன் நஷ்டம் மெக்கானிக்கோடு நிற்பதில்லை, வீட்டுக்காரருக்கும் வருகிறது.

சரி, அமெரிக்க விதியை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் போதுமா? போதாது. அவர்களுடைய சாக்கெட்டில் வருவது சுமார் 120 வோல்ட், நம்முடையதில் 230. வெறும் எம்.சி.பி. போட்டு இதைக் காப்பாற்ற முடியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. வயர் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும். மனித உடம்பு வழியே போகும் சில பத்து மில்லி ஆம்பியர் அதற்குத் தெரியவே தெரியாது, ஆனால் ஆளைக் கொல்ல அது போதும். அதைக் கவனிப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பாமல் குறைந்தால் கண நேரத்தில் டிரிப் ஆகும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறையே, குறிப்பிட்ட லோடுக்கு மேற்பட்ட வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டாத கசிவுப் பாதுகாப்பைக் கேட்டது.

"அதைப் போட்டா ஏ.சி. ஓடும்போது அடிக்கடி டிரிப் ஆகுது சார்" என்று சொல்லி அதைக் கழற்றிவிடும் வயர்மேன்களைப் பார்த்திருக்கிறேன். புகார் பொய்யில்லை. இன்வர்ட்டர் ஏ.சி.யின் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் எர்த்துக்குக் கசியும். அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். 2020 பதிப்பு வீடுகளின் அவுட்டோர் யூனிட்டுக்கும் கசிவுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. யூனிட்டுகள் காரணமில்லாமல் டிரிப் ஆகின்றன என்று புகார்கள் குவிந்ததும், 2023 பதிப்பில் ஏ.சி. கருவிகளுக்கு 2026 செப்டம்பர் 1 வரை விலக்கு கொடுத்தார்கள். சர்வீஸ் சாக்கெட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: இரண்டையும் ஒரே பாதுகாப்பில் கட்டிவைக்காதீர்கள். சாக்கெட்டுக்கு எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாக இருக்கும் ஆர்.சி.பி.ஓ. ஒன்றைத் தனியாகப் போடுங்கள், 30 மில்லி ஆம்பியரில்.

அடுத்தது மழை. மூடி போட்ட சாக்கெட் என்று கடையில் தருவது பெரும்பாலும் மூடி இருக்கும்வரைதான் தண்ணீரைத் தடுக்கும். பிளக்கைச் சொருகியதும் மூடி திறந்து நிற்கும். சொருகிய பிறகும் மூடுகிற ஆழமான பாக்ஸ் வாங்க வேண்டும். வயர் கீழ்ப்பக்கமாக உள்ளே போக வேண்டும். தரைத்தளம் என்றால் உயரத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நின்ற தண்ணீரை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

கடைசியாக ஐசொலேட்டர். நம் ஸ்பிளிட் ஏ.சி.யின் சுவிட்ச் பெட்ரூமில் இருக்கும், வேலை மாடியில் நடக்கும். வியர்க்கிறதே என்று வீட்டில் யாராவது சுவிட்சைத் தட்டினால் மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? எனவே யூனிட்டுக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற இடத்தில் ஒரு ஐசொலேட்டர் வேண்டும். சாக்கெட் அதற்கு முன்னாலிருந்து, தனி லைனில் வர வேண்டும். மூன்று பின், சரியான எர்த், 16 ஆம்பியர். வேலை தொடங்கும் முன் ஆர்.சி.பி.ஓ.வின் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். ஐசொலேட்டரை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும் என்பதால் உடனே கை வைக்கக் கூடாது.

இதெல்லாம் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. அசோசியேஷன் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றவனுக்கா இவ்ளோ செலவு?"

நம் மாடிக்கு இரண்டு தடவைதான் வருகிறார். ஆனால் கோடை முழுக்க தினமும் ஏதோ ஒரு மாடியில் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடுதான் அவர் நிற்கிறார்.