துப்பாக்கிச் சைலன்சர்: ஒப்பீடுகள் சொல்வதும் சொல்லாததும்

திரைப்படங்களில் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். வில்லன் தன் துப்பாக்கியின் முனையில் ஒரு சிறு குழாயைத் திருகிப் பொருத்துவான். 'புஸ்' என்று ஓர் ஓசை. அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. 2017இல் வெளிவந்த 'ஜான் விக்' இரண்டாம் பாகத்தில், மக்கள் நடமாடும் நியூயார்க் ரயில் நிலையத்தில் இருவர் ஒருவரையொருவர் சுட்டபடியே நடக்கிறார்கள். பக்கத்தில் போகிறவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. கதைக்கு இது சுவைதான். இயற்பியலுக்கு ஒத்துவராது.

கதை பொய் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நீளம், ஒலிக்குறைப்பு, பொருத்தும் முறை என்று மூன்று கட்டங்கள் போட்டுச் சைலன்சர்களை வரிசைப்படுத்தும் ஒப்பீடுகளும் பல நேரங்களில் அரை உண்மையையே சொல்கின்றன. இதுதான் என் குறை. அந்த எண்களை நம்பிக் காதைத் திறந்து வைத்துக்கொள்பவர் செவித்திறனையே இழக்க நேரும்.

முதலில் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை நாம் 'சைலன்சர்' என்கிறோம் அல்லவா? துப்பாக்கிச் சைலன்சர் அதற்கு உறவுக்காரன்தான். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம், 1909இல் துப்பாக்கிச் சைலன்சருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எஞ்சின்களுக்கான ஒலியடக்கிகளையும் அவர் உருவாக்கினார். இரண்டிலும் தத்துவம் ஒன்றே. உயர் அழுத்த வாயுவை ஒரே அடியாக வெளியே விடாமல், அறை அறையாக விரியவிட்டு, குளிரவிட்டு, மெல்ல வெளியேற்றுவது.

ஆனால் துப்பாக்கியிலிருந்து வருவது ஓர் ஒலி அன்று, மூன்று. குழல்வாயில் வாயு பீறிடும் வெடியொலி முதலாவது. ஒலியைவிட வேகமாகச் செல்லும் தோட்டா காற்றில் எழுப்பும் அதிர்வலையின் 'டப்' என்ற சொடுக்கு இரண்டாவது. துப்பாக்கியின் உறுப்புகள் மோதும் உலோக ஓசை மூன்றாவது. சைலன்சர் அடக்குவது முதலாவதை மட்டுமே. தோட்டாவின் சொடுக்கு, அது குழாயை விட்டு வெளியேறிய பிறகும் வழிநெடுகப் பிறந்துகொண்டே இருப்பது. குழாய் அதை எப்படித் தடுக்கும்?

5.56 மி.மீ. ராணுவத் துப்பாக்கியின் தோட்டா சுமார் 4 கிராம் எடை கொண்டது; வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் 343 மீட்டர். சொடுக்கை ஒழிக்க வேண்டுமென்றால் தோட்டாவின் வேகத்தை 300 மீட்டராகக் குறைக்கலாம். ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்கானால் இயக்க ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்காகும். 1620 ஜூல் வெறும் 180 ஜூலாகிவிடும். மௌனத்துக்குக் கொடுக்கும் விலை இது. எந்தத் தோட்டாவைச் சுட்டு அளந்தார்கள் என்று கூறாத ஒப்பீடு இந்த விலையை மறைத்துவிடுகிறது.

அடுத்தது டெசிபல் கணக்கு. 160 டெசிபல் உச்ச ஒலியின் அழுத்தம் 2000 பாஸ்கல். சைலன்சர் அதில் 30 டெசிபலைக் குறைத்தால் மிஞ்சுவது 130 டெசிபல், அதாவது சுமார் 63 பாஸ்கல். அழுத்தம் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது, பெரிய சாதனைதான். ஆயினும் 130 டெசிபல் மௌனமாகுமா? வெடியொலியின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே இறக்குவதே நல்ல சைலன்சரின் உண்மையான பணி. திரும்பத் திரும்பச் சுடுபவருக்கு அப்போதும் காதுக்காப்பு தேவை.

அளவிடும் கருவியைப் பற்றியும் கேட்க வேண்டும். துப்பாக்கி வெடியொலியின் அழுத்தம் மைக்ரோ விநாடிகளில் உச்சத்தைத் தொட்டு, ஏறத்தாழ ஒரு மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது. சாதாரண ஒலிமானியோ 'விரைவு' நிலையில்கூட 125 மில்லி விநாடி அளவில் சராசரி எடுக்கிறது. எனவே அது உண்மையான உச்சத்தைவிட 20 டெசிபலுக்கும் மேல் குறைத்துக் காட்டக்கூடும். மீட்டரே ஒரு சைலன்சராகிவிடுகிறது!

இதற்கு நல்ல உதாரணம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் பயன்படுத்திய டி லைல் துப்பாக்கி. அதன் ஓசை 85.5 டெசிபல் மட்டுமே என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அது மிக அமைதியான துப்பாக்கி என்பதில் ஐயமில்லை. 11.43 மி.மீ. தோட்டா விநாடிக்கு 250 மீட்டர் அளவிலேயே செல்வதால் சொடுக்கு இல்லை. கையால் இழுக்கும் பூட்டு என்பதால் சுடும் நேரத்தில் உலோக ஓசையும் இல்லை. ஆனால் எந்த மீட்டர், எவ்வளவு தொலைவு என்று கூறாமல், அந்த எண்ணை இன்றைய உச்ச அளவுகளுக்குப் பக்கத்தில் வைப்பது, படியால் அளந்த நெல்லையும் தராசில் நிறுத்த நெல்லையும் ஒரே கணக்கில் எழுதுவது போன்றது.

இனி அளவு. உள்ளே இடம் கூடக்கூட வாயு நன்றாக விரியும், ஓசை குறையும். டி லைலின் சைலன்சர் துப்பாக்கியின் முன்பாதி முழுவதையும் பிடித்துக்கொண்டது. இன்றைய தனிச் சைலன்சர்கள் பெரும்பாலும் 15 முதல் 23 செ.மீ. நீளமும் 300 முதல் 600 கிராம் எடையும் கொண்டவை. அரை கிலோதானே என்று எண்ணிவிடாதீர்கள். அது தொங்குவது குழலின் நுனியில். நெம்புகோல் விதி அறிந்த மாணவனுக்கு, தோள் ஏன் வலிக்கிறது என்பது புரியும். குட்டையான சைலன்சர் கைக்கு இதம். காதுக்கு அவ்வளவு இதமன்று.

பொருத்தும் முறை கடைசிக் கட்டம். மரையில் நேரே திருகுவது எளியது, இலேசானது; ஆனால் சூட்டில் தளரக்கூடும். குழல்வாயில் உள்ள ஓர் இடைத்துண்டின் மேல் சட்டென மாட்டிக் கழற்றும் முறை விரைவானது. எடையும் விலையும் கூடும், கரியும் பிடிக்கும். இரண்டிலும் முக்கியம் நேர்கோடு. அச்சு அரை டிகிரி சாய்ந்தால், 20 செ.மீ. நீளக் குழாயின் முனை 1.7 மி.மீ. விலகிவிடும். தோட்டாவைவிடச் சற்றே பெரிய துளைகளின் வழியே அது செல்ல வேண்டும். தட்டில் உரசினால் குழாய் சிதையும். அட்டவணையில் 'திருகு' அல்லது 'விரைவு' என்ற ஒரே சொல்லில் இதெல்லாம் அடங்கிவிடுமா?

அட்டவணைகள் சொல்லாத இன்னும் இரண்டு உண்மைகள் உண்டு. குழாயினுள் இருக்கும் ஆக்சிஜன் எரிவதால் முதல் வெடி, பின்வருவனவற்றைவிட உரக்கக் கேட்கும். தானியங்கித் துப்பாக்கிகளில் அடைபட்ட வாயு பின்னோக்கித் திரும்பிச் சுடுபவரின் முகத்தில் வீசும். குழல்வாயருகே எடுத்த அளவு நன்றாக இருந்தாலும் காதருகே அப்படி இராது.

சைலன்சரே வீண் என்பது என் வாதமன்று. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு ஏற்கப்படும் ஊனங்களில் காது இரைச்சலும் செவிக்குறைவும் முன்வரிசையில் நிற்கின்றன. அமெரிக்க மரைன் படை 2020 முதல் தன் காலாட்படைத் துப்பாக்கிகளில் சைலன்சரைப் பரவலாகப் பொருத்தி வருகிறது. 2022இல் அந்நாட்டுத் தரைப்படை தேர்ந்தெடுத்த 6.8 மி.மீ. துப்பாக்கி சைலன்சருடனேயே வருகிறது. வீரர்கள் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வேண்டும், ஓய்வுபெற்ற பின் பேரக்குழந்தையின் மழலையும் கேட்க வேண்டும் என்றால் இது தேவையே.

ஆகவே 'இத்தனை டெசிபல் குறைக்கும்' என்ற எண்ணை எங்கே கண்டாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்தத் தோட்டா? எந்த மீட்டர்? எந்த இடத்தில்? எத்தனையாவது வெடி? சைலன்சருக்கு மட்டுமன்று; மின்னாக்கி, பம்பு செட்டு, ஒலிபெருக்கி என்று எந்த விளம்பர எண்ணுக்கும் இதே பாணிக் கேள்விகள் பொருந்தும். எப்படி அளந்தார்கள் என்பது தெரியாதவரை எந்த எண்ணும் அறிவியல் ஆகாது.