ஊமைச் சங்கு

எங்கள் ஊரில் சைரனை யாரும் சைரன் என்று சொன்னதில்லை. சங்கு. ‘எட்டு மணி சங்கு ஊதியாச்சா?’ என்பார் அப்பா. மில்லில் வேலை பார்க்காதவர்களுக்கும் அதுதான் கடிகாரம். கண்ட நேரத்தில் ஊதினால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். இந்த வாரம் அந்த வாசலுக்கு வருகிற சமாசாரத்தைப் பற்றித்தான்.

மேற்கு ஜெர்மனியில் பனிப்போர் காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூரை மேல் ஒரு சைரன் தெரியும். ஒன்றுபட்ட நாட்டில் மொத்தம் சுமார் 80 ஆயிரம். ‘ஈ 57’ என்பது அதில் பிரபலமான மாடல். தலையில் காளான் குடை மாதிரி ஒரு மூடி. கீழே 5 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு சுமார் 2,800 சுற்று. சுழலும் சக்கரம் காற்றை இழுத்து, சுற்றியுள்ள கூண்டின் ஓட்டைகள் வழியே வினாடிக்கு 420 தடவை வெட்டி வெட்டித் துப்பும். அதுதான் அந்த அலறல். கம்ப்யூட்டர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. கரண்ட் போனால் மட்டும் ஊமை.

1990-களின் தொடக்கத்தில் சோவியத் யூனியன் கலைந்தது. இனி யார் குண்டு போடப் போகிறார்கள் என்று மத்திய அரசு சைரன்களைக் கைகழுவியது. ‘வேணும்னா நீங்களே பார்த்துக்குங்க’ என்று உள்ளாட்சிகளிடம் தள்ளிவிட்டது. தீயணைப்புத் தொண்டர்களைக் கூப்பிடத் தேவைப்பட்ட சிற்றூர்கள் வைத்துக்கொண்டன. பெர்லின் போன்ற நகரங்கள் கழற்றிப் போட்டன.

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். வருஷா வருஷம் செலவு. வரவு நயா பைசா இல்லை. தேய்மானம் எழுதித் தீர்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். ஊதாமல் போனால் என்ன நஷ்டம் என்று எழுதத்தான் அந்தப் பேரேட்டில் இடமில்லை.

2021 ஜூலை 14 இரவு அந்த நஷ்டம் தெரிந்தது. ஆர் என்ற சின்ன ஆறு பெருக்கெடுத்து, அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜின்சிக் என்ற ஊரில் மாற்றுத் திறனாளிகள் இல்லம் ஒன்றில் மட்டும் 12 பேர். பெருமழை வருகிறது என்று வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. செல்போன் ஆப் இருந்தது. ஆனால் விஷயம் தெரிந்தவர் மேஜையிலிருந்து தூங்குகிறவர் காதுக்குச் செய்தி போகவில்லை. சைரன் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால், பலர் முழித்தாவது இருப்பார்கள்.

அப்புறம் என்ன? மத்திய அரசே சைரனுக்கென்று சுமார் 9 கோடி யூரோ ஒதுக்கியது. பேட்டரியில் ஓடும் புது எலெக்ட்ரானிக் சைரன்கள் வந்தன. மிச்சமிருந்த காளான் குடைகளையும் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்கள். துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றி, காயில் கட்டினால் அறுபது வருஷத்துக் கிழவனும் ஊதுகிறான். கைதட்ட வேண்டிய விஷயம்தான்.

என் குறை அதற்கப்புறம்தான். மோட்டாரை ரிப்பேர் செய்தார்கள். காதை யார் ரிப்பேர் செய்வது? ஒரு நிமிஷம் ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து. ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது. விட்டு விட்டு மூன்று தடவை ஊதினால் தீயணைப்புத் தொண்டர்களுக்கு அழைப்பு. சைரனே கேட்காமல் வளர்ந்த முப்பது வயசுக்காரருக்கு இது எப்படித் தெரியும்? செப்டம்பரில் வருஷத்துக்கு ஒரு நாள் நாடு தழுவிய ஒத்திகை வைக்கிறார்கள். 2020-ல் நடந்த முதல் ஒத்திகையில் ஆப் செய்தியே அரை மணி நேரம் லேட்.

அடிக்கடி ஊதினால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஹவாயில் மாதாமாதம் சைரனை ஊதிச் சோதிப்பது வழக்கம். மாவி தீவில் மட்டும் 80 சைரன்கள். 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா நகரம் பற்றி எரிந்தபோது ஒன்றுகூட ஊதவில்லை. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். தீவின் பேரிடர் அதிகாரி சொன்ன காரணம்: ‘சைரன் கேட்டால் சுனாமி என்று நினைத்து ஜனங்கள் மேட்டுப் பக்கம் ஓடுவார்கள். நெருப்பு அங்கேதான் இருந்தது.’ மறுநாள் அவர் ராஜினாமா செய்தார். சைரன் காட்டுத்தீக்கும்தான் என்று அந்த மாநிலத்தின் சொந்தப் பட்டியலிலேயே இருந்தது. பட்டியலில் இருந்து என்ன பிரயோஜனம்? ஜனங்கள் மனசில் பதியவில்லையே! மெஷின் நன்றாக இருந்தும் ஊதப் பயந்தார்கள் என்றால், ரிப்பேர் வேறெங்கோ பாக்கி.

2025 மே 7-ல் இந்தியாவிலும் பல இடங்களில் போர்க்கால ஒத்திகை நடந்தது. சைரன் அலறியது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு எந்த ஒலிக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்? எனக்குத் தெரியாது. பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எப்போதும் செவிடனைத்தான் திட்டுகிறோம். சங்கு என்ன சொல்கிறது என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? பழைய சைரனுக்குப் பெயின்ட் அடித்துத் திறப்பு விழா நடத்துகிறவர்களே, அதே கம்பத்தில் ஆள் உயரத்தில் ஒரு தகரப் பலகையும் மாட்டிவிடுங்கள். எப்படி ஊதினால் என்ன ஆபத்து, எந்தப் பக்கம் ஓடணும். நாலு வரி போதும்.