எதுகையும் வரியமைப்பும்: காவிரிப்படுகை வகுப்பறையில் இயற்கைக் கவிதை

ஆய்வுச்சுருக்கம்

எதுகை, மோனை அற்றதே புதுக்கவிதை என்னும் எதிர்மறை வரையறை பள்ளி நிலையில் பரவலாக வழங்கி வருகிறது. இது மரபுக்கவிதையின் ஒலிநயத்தையும் புதுக்கவிதையின் வடிவத்தையும் ஒருங்கே மறைக்கிறது என இக்கட்டுரை வாதிடுகிறது. தஞ்சை வட்டார வேளாண் சொற்களையும் காவிரி நீர்வரத்தின் அண்மைக்கால அனுபவத்தையும் கொண்டு மாற்றுப் பயிற்றுமுறையொன்றை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: எதுகை, மோனை, இயைபு, புதுக்கவிதை, சிறுவர் பாடல், காவிரிப்படுகை.

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு ஆகியவற்றைத் தொடை வகைகளாகக் கூறுகிறது. தொடை என்பது தொடுத்தலாகிய செயலைக் குறிப்பது. வகுப்பறையிலோ அது பொறுக்கியெடுக்கும் பொருளாகிவிட்டது. பாடலிலுள்ள எதுகைச் சொற்களை எடுத்தெழுதுவதோடு பயிற்சி முடிகிறது. அச்சொற்கள் அங்கு எதனை எதனோடு இணைத்தன என்னும் வினா எழுவதில்லை. புதுக்கவிதையை அடைந்ததும், எடுத்தெழுத ஏதுமில்லாத பாடல் என்றே மாணவர் அதனைக் கருத நேர்கிறது.

வயற்சொற்களில் தொடை

தொடையை விளக்கப் புறத்தேயிருந்து சொற்களைத் தேட வேண்டியதில்லை. நாற்று, சேற்று, காற்று, ஆற்று என்னும் நான்கிலும் முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றிவருகிறது. வயல், வரப்பு, வாய்க்கால், வடிகால் ஆகியவற்றில் மோனை அமைகிறது. வாய்க்கால் நீரைக் கொணர்கிறது; வயல் ஏற்கிறது; வரப்பு தேக்குகிறது; வடிகால் மிகுதியை வெளியேற்றுகிறது. இங்கே ஒலியால் தொடுக்கப்பட்டவை நீராலும் தொடுக்கப்பட்டுள்ளன.

வாய்க்கால், வடிகால், நாற்றங்கால் ஆகியவை அடியிறுதியில் வரின் இயைபாகும். முன்னிரண்டும் நீர் செல்லும் வழிகள். மூன்றாவது நாற்று வளரும் இடம். ஒலி ஒன்றியும் பொருள் வேறுபடுவதை மாணவர் தாமே கண்டுரைக்கும் வாய்ப்பு இதனால் கிட்டுகிறது. ஆங்கில மழலைப் பாடல்களின் வழியே இறுதியொலியை மட்டும் ஒலிநயமாக அறிந்த குழந்தைக்கு, தமிழ் அடியின் தொடக்கத்திலும் செவியைச் செலுத்தக் கற்பிப்பது இன்றியமையாதது.

பிச்சமூர்த்தி தரும் சான்று

புதுக்கவிதையின் முன்னோடியாகிய ந. பிச்சமூர்த்தி 1900இல் கும்பகோணத்தில் பிறந்தவர். அவரது ‘காதல்’ 1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. வால்ட் விட்மனின் தாக்கம் அவரிடம் உண்டு. ஆயினும் மரபின் ஒலிக்கூறுகளை அவர் முற்றிலும் துறந்தவரல்லர். யாப்பின் கட்டாயத்தை விலக்குவது வேறு, ஒலியை விலக்குவது வேறு என்பதற்கு அவரது கவிதைகளே சான்று. காவிரிக்கரையில் பிறந்த முன்னோடியே இவ்வாறிருக்க, அப்பகுதி மாணவருக்குப் புதுக்கவிதையை ஓர் ‘இன்மை’யாக அறிமுகப்படுத்துவது பொருந்தாது.

வடிவமும் நீர்வரத்தும்

சிலப்பதிகாரக் கானல்வரியின் ஆற்றுவரிப் பாடல்கள் காவிரியை வாழ்த்தி முடிகின்றன. ஆற்றைப் பாடும் சிறுவர் பாடல்களும் பொதுவாக இவ்வாழ்த்து மரபையே தொடர்கின்றன. அவற்றில் ஆறு நிறைந்தே ஓடுகிறது. மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இல்தான் அவ்வழக்கம் மீண்டது. அவ்வாண்டுகளில் பள்ளியில் பயின்ற படுகைக் குழந்தைகள் பாடலில் நிறைந்த ஆற்றையும் வழியில் மணலையும் கண்டனர். இவ்விடைவெளியைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வடிவம் வேண்டும்.

இக்கட்டுரைக்கென இயற்றப்பட்ட இரு எடுத்துக்காட்டுகளை ஒப்பிடலாம்.

நாற்றைப் பிரித்துச் சேற்றில் நட்டார்;
காற்று வந்து தலையைக் கோதும்.

இன்னும் மேட்டூர் திறக்கவில்லை.
வறண்ட வாய்க்காலில்
ஒரு நண்டு
தன் வளையை
மேலும் ஆழமாகத் தோண்டுகிறது.

முன்னதில் முதற்சீரும் மூன்றாஞ்சீரும் எதுகையால் இணைந்து, அடுத்த அடியின் தொடக்கத்தையும் ஈர்த்துக்கொள்கின்றன. நடவின் சீரான அசைவு செவிக்குப் புலனாகிறது. பின்னதில் ‘ஒரு நண்டு’ தனிவரியாக நிற்பதால் படிப்பவர் அங்கு நின்றாக வேண்டும். அந்நிறுத்தமே வடிவம். நான்கையும் ஒரே வரியாக எழுதிப் படித்தால் அது செய்தியாகிவிடுவதை மாணவரே உணர்வர். ‘வறண்ட வாய்க்கால்’ என்பதில் மோனை இருப்பதையும் சுட்டலாம். அது அங்கு விதியாக வரவில்லை, விளைவாக வந்துள்ளது.

எதுகையால் வறட்சியைப் பாட இயலாது என்பது இதன் கருத்தன்று. ஒப்பாரி மரபு துயரை ஒலிநயத்தோடே பாடிவந்துள்ளது. மாறாக, வாழ்த்துப் பாடலின் வாய்பாட்டுக்குள் அடங்காத காட்சியைக் கண்ட மாணவர், எதுகைக்காக அக்காட்சியைத் திருத்திக்கொள்ளும்படி ஆகிவிடக் கூடாது என்பதே ஈண்டு வலியுறுத்தப்படுகிறது.

முடிவுரை

‘எதுகை எங்கே உள்ளது?’ என்னும் வினாவை ‘எதுகை எதனை எதனோடு தொடுக்கிறது?’ எனவும், ‘எதுகை ஏன் இல்லை?’ என்பதனை ‘வரி ஏன் இங்கே முறிகிறது?’ எனவும் மாற்றியமைத்தல் வேண்டும். இவ்விரு வினாக்களையும் ஒரே வகுப்பில், ஒரே வயலைப் பற்றிய இரு கவிதைகளைக் கொண்டு எழுப்பலாம். அவ்வாறு பயின்ற மாணவர் நீர் வந்த ஆண்டையும் வாராத ஆண்டையும் தத்தமக்குரிய வடிவில் எழுத முற்படுவர். இயற்கைக் கவிதையைக் கற்பிப்பதன் பயன் கண்டதைக் கண்டவாறு சொல்லும் துணிவாகும். வடிவப் பயிற்சி அதற்குத் துணைநிற்றல் வேண்டும்.