அட்டையிலேயே ஆரம்பித்துவிடும் கதை

பழைய ‘அம்புலிமாமா’ எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவேன். கதைக்காகத்தான் வாங்குகிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். கதையும் வேண்டும்தான், ஆனால் முதல் ஆசை அட்டை மேல்! உள்ளே நாலு பக்கம் கரையான் தின்றிருந்தாலும் பரவாயில்லை. அட்டை கிழியாமல் இருந்தால் அன்றைக்கெல்லாம் எனக்குத் தீபாவளி.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சேர்ந்து 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தொடங்கிய பத்திரிகை இது. தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. பின்னாளில் ‘மாயா பஜார்’ எடுத்த அதே கூட்டணி! குழந்தையின் கண் எதில் நிலைகுத்தி நிற்கும் என்பது இவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஐம்பது, அறுபதுகளின் அட்டை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே பத்திரிகையின் பெயர். மிச்ச இடமெல்லாம் படம். ‘உள்ளே இது இருக்கிறது, அது இருக்கிறது’ என்ற கூவல் கிடையாது. சிரிக்கும் சினிமா முகமும் கிடையாது. ஓர் அரசன், ஒரு ராட்சசன், ஒரு காடு. பல அட்டைகளில் ஓங்கிய ஆயுதம் இன்னும் இறங்கியிருக்காது. அடி விழப்போகிறது, ஆனால் விழவில்லை. அந்த நொடியில் ஓவியர் தூரிகையை நிறுத்திவிடுவார். அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் எந்தப் பிள்ளையாவது கடையை விட்டு நகருமா? கொக்கி மாட்டி இழுப்பது போல இழுத்துவிடும்!

இந்த அட்டை இப்படி வாய்திறக்காமல் பேசியதற்கு அருமையான காரணம் ஒன்று உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, மராத்தி என்று பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பத்திரிகை வந்தது. அட்டை ஓவியம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மேலே உள்ள பெயர் மட்டும் மாறும். ஆகவே புனேயில் இருக்கும் பிள்ளைக்கும் புதுக்கோட்டையில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே படம் ஒரே கதையைச் சொல்லியாக வேண்டும். எழுத்தை நம்ப முடியாது. முகபாவம், கை நிற்கும் விதம், வண்ணம், இவ்வளவுதான் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு மாதாமாதம் ஜெயித்தார்கள்!

ஜெயித்தவர்களின் பெயரைச் சொன்னாலே எனக்குச் சிலிர்க்கிறது. எம்.டி.வி. ஆச்சார்யா மகாபாரதக் காட்சிகளை அட்டையில் தீட்டினார். அவருடைய வீரர்களின் தோளையும் மார்பையும் பார்த்தால், பாரதம் நடந்த காலத்தில் பக்கத்தில் நின்று வரைந்தாரோ என்று தோன்றும். ஸ்ரீகாகுளத்தில் பிறந்த வட்டாதி பாப்பையா இன்னொரு ரகம். ‘வபா’ என்று கையெழுத்திடும் அவருடைய அட்டைகளில் வண்ணம் ஒன்றோடொன்று குழைந்து கரையும். பெண்களின் கண்ணில் ஒரு கனவு ததும்பும். எத்தனையோ அட்டைகளைத் தந்த கை அது. ஓரத்தில் அந்தக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பதே எனக்கு ஒரு விளையாட்டு. உள்ளே போனால், வேதாளக் கதைகளுக்குப் படம் வரைந்த சங்கர் காத்திருப்பார்: உருவிய வாள், தோளில் பிணம், விடாக்கண்டன் விக்கிரமன்! அட்டை வாக்குக் கொடுத்ததை உள்பக்கம் காப்பாற்றியது. அதனால்தான் அடுத்த மாதமும் பிள்ளைகள் அட்டையை நம்பினார்கள்.

இன்னொரு சாமர்த்தியத்தை நினைத்து நினைத்து வியக்கிறேன். பத்திரிகைக்கு ஆசைப்படுவது குழந்தை. காசு கொடுப்பது அப்பா. இரண்டு பேரையும் அந்த ஒற்றைப் படம் பிடித்துவிட்டது. பிள்ளை ராட்சசனைப் பார்த்தான். அப்பா பீமனைப் பார்த்தார். பிள்ளைக்குப் பயமும் பரவசமும்; அப்பாவுக்கு, ‘பாரதம்தானே, படிக்கட்டும்’ என்ற நிம்மதி. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிருக்கும். யாருக்காக அட்டை போடுகிறோம் என்பதில் இவ்வளவு தெளிவு எத்தனை பத்திரிகைக்கு வாய்க்கும்?

ஒருநாள் என் அண்ணன் மகளிடம் ஓர் அட்டையைக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். “சித்தப்பா, இந்த ராஜா ஏன் குதிரையை விட்டு இறங்கி நிக்கிறார்?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளே சொல்ல ஆரம்பித்தாள். குதிரைக்குக் கால் வலித்தது, காட்டுக்குள் சூனியக்காரி வந்தாள், ராஜா மகளைக் காணோம்... நிறுத்தவே இல்லை! வரைந்தவர் எதிர்பார்த்த வாசகி, இத்தனை வருடம் கழித்தும், அதே வயதில் வந்து சேர்ந்துவிட்டாள்.

குழந்தைகளுக்குப் பத்திரிகை நடத்துகிறவர்களே, கையெடுத்துக் கேட்கிறேன். அட்டையில் இலவச ஸ்டிக்கரையும் பத்துத் தலைப்புகளையும் திணிக்காதீர்கள். நல்ல ஓவியரைப் பிடித்து வந்து முழுப் பக்கத்தையும் அவரிடம் விட்டுவிடுங்கள். மீதியைக் குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்!