சபை பாடுகிறதா?

வழிபாட்டில் இசை எந்த அளவுக்கு என்ற தயக்கம் திருச்சபைக்குப் புதிதல்ல. பாடலின் பொருளைவிடப் பாடுகிற குரலே தம்மை உருக்கும் வேளைகளில் தாம் பாவம் செய்வதாக எண்ணியவர் அகுஸ்தீன். பதினாறாம் நூற்றாண்டில் சூரிக் நகர ஆலயங்களில் சீர்திருத்தவாதி ஸ்விங்கிலி பாட்டையே நிறுத்தினார். லூத்தரோ அதைச் சபையார் வாயில் கொடுத்தார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரி சீகன்பால்கு லூத்தர் வழியினர். ஜெர்மன் மெட்டுக்குள் தமிழ்ச் சொல்லை அடைத்த பாட்டுகள் அப்படித்தான் நம்மிடம் வந்தன. குறில் நெடிலாகவும் நெடில் குறிலாகவும் திரிந்தாலும், எல்லாரும் ஒரே குரலாகப் பாடலாம் என்ற பழக்கம் அவற்றோடு வந்தது.

தமிழ்ச் சபைக்குச் சொந்த நாவைத் தந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதிய அவர், கீர்த்தனையை ஆலயத்துக்குள் நிலைநிறுத்தினார். எழுத்தறியாதவர்கூட இரண்டாம் முறை வரும்போது பல்லவியைப் பிடித்துக்கொள்ளலாம். சரணத்தின் உபதேசம் அதன் வழியே மனதில் தங்கும். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ‘செஞ்சுருட்டி, ஆதி’ என்று ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். பாடும்போது ஆர்கனோ கீபோர்டோ கார்டு போட, கமகங்கள் தேய்ந்து நேர்க்கோடான மெட்டு மிஞ்சும். சங்கீதம் தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்வதுண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. சபை தன் குரலுக்கு ஏற்றபடி ராகத்தைத் தேய்த்துக்கொண்டது, அவ்வளவே. ஆனால் அனுபல்லவி மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தைக் கவனியுங்கள்: பின்வரிசை ஆண்கள் அடங்கிவிடுவார்கள், கொயர் மட்டும் ஏறும்.

இதைவிட ஆழமான கோளாறு சாதி. சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்த மிஷனெரிகளை எதிர்த்து எழுதியவர் சாஸ்திரியார். அவர் கொண்டுவந்த இசையும் கர்நாடக சங்கீதத்தின் மதிப்பைச் சுமந்தே வந்தது; சேரியின் தாளத்துக்கு அதில் இடமில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த, ‘பரட்டை’ என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு இதைத்தான் விடாமல் கேட்டார். வழிபாட்டு முறைமை முழுவதையும் நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். பாடுகிறவர் தம் வாழ்க்கைக்கேற்ப மாற்றிப் பாடக்கூடியதே மக்களின் பாட்டு என்பது அவர் வாதம். அது சரியான வாதம். ஆனாலும் அவர் வழி எளிதில் பரவவில்லை. சாவு வீட்டில் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளில் பலருக்கு, அதே பறையை ஆலயத்துக்குள் கேட்கக் கூசியது. அந்தக் கூச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

தந்தை பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ போன்ற பாடல்கள் இந்தச் சண்டைகளைத் தாண்டி எல்லாச் சபைகளிலும் நுழைந்துவிட்டன. சின்ன அடி, எளிய சொல், புத்தகமே வேண்டாம்; கீர்த்தனையால் முழுதும் முடியாத ஒன்றை இவை செய்தன. பின்வரிசைக்காரரும் பாடினார். பிறகு வந்த டிரம்ஸும் ஸ்பீக்கரும் அதைத் திரும்பப் பறித்துக்கொண்டன. மேடையிலிருக்கும் நாலு பேர் மைக்கில் பாடும் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் பாடுகிறாரா இல்லையா என்பதே தெரிவதில்லை. தன் குரலே தன் காதில் விழாதவர் சிறிது நேரத்தில் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

பாட்டின் உள்ளடக்கமும் சுருங்கிவிட்டது. 150 சங்கீதங்களில் புலம்பல்கள் பெரும் பங்கு. ‘எதுவரைக்கும்’ என்று கடவுளிடமே கேட்கும் துணிவு அவற்றில் உண்டு. இன்றைய ஆராதனை வெற்றியையும் ஆசீர்வாதத்தையும் விட்டு இறங்குவதில்லை. போன வாரம் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த வரிசையில் நின்று எதைப் பாடுவாள்? புதுப் பாட்டு எழுதுகிறவர்கள் முதலில் அவளுக்காக ஒன்று எழுத வேண்டும், எல்லாரும் பாடக்கூடிய ஸ்தாயியில்.